மழையும் பனியும் மாறிமாறி வரும் மலைச்சாலையில் கம்பிவட டயர்ச் சங்கிலி: ஒரு மதிப்புரை

தென் கலிஃபோர்னியாவில் பதினோரு ஆண்டுகளாகக் கார் ஓட்டிவரும் எனக்கு, பனியில் சக்கரம் வழுக்காமல் பிடிக்க டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டிய தேவை 2023 பிப்ரவரி வரை ஒருமுறைகூட வந்ததில்லை. நான் வசிக்கும் சான் பெர்னார்டினோ சமவெளியில் குளிர்காலம் என்பது ஒரு கம்பளிச் சட்டையோடு கழிந்துவிடும் காலம். வடக்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரின் உச்சியில் வெண்மையைப் பார்ப்போம். அது நம் சாலைக்கு இறங்கிவரும் என்று யாரும் எண்ணுவதில்லை. அந்த ஆண்டு மாசி மாதத்தில் அது இறங்கிவந்தது. அப்போது என் காரின் டிக்கியில் இருந்த ஒரு ஜோடி கம்பிவடச் சங்கிலியைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகையில் ஏறத்தாழ எல்லாச் சங்கிலிகளும் ஒரே அமைப்பில் வருபவை என்பதால், என் மதிப்பீடு அந்த வகையைப் பற்றியது, ஒரு முத்திரையைப் பற்றியதன்று.

வாங்கிய கதை சுருக்கமானது. பிப்ரவரி 20 திங்கட்கிழமை அரசு விடுமுறை. ஊரிலிருந்து வந்திருந்த என் தந்தையையும் அழைத்துக்கொண்டு, முந்தைய நாளே கிரெஸ்ட்லைன் என்னும் மலையூரில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்து, வியாழக்கிழமை வரை தங்குவதாகத் திட்டமிட்டிருந்தோம். மலைக்குப் போகிறவர்கள் சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு தோழி வற்புறுத்தியதால், அடிவாரத்தில் உள்ள வாகன உதிரிபாகக் கடையில் எழுபது டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் அன்புடன் ஒரு யோசனை சொன்னார்: பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்து, தேவைப்படவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நல்ல மனத்துடன் சொல்லப்பட்ட அந்த யோசனைதான் எங்களுக்கு வினையாயிற்று என்று இப்போது நினைக்கிறேன். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்ததால் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை; பிரிக்காததால் மாட்டிப் பார்க்கவில்லை; மாட்டிப் பார்க்காததால், முதன்முதலாக அதைக் கையில் எடுத்தபோது என் விரல்கள் குளிரில் மரத்துப்போயிருந்தன.

அந்த வாரத்தில் வடக்கிலிருந்து மிகக் குளிர்ந்த காற்று பசிபிக் கரையோரமாகத் தெற்கே இறங்கியது. கடலிலிருந்து அது ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது. குளிர் மட்டும் வந்திருந்தால் வறண்ட காற்றோடு போயிருக்கும். ஈரம் மட்டும் வந்திருந்தால் வழக்கமான மழையாகியிருக்கும். இரண்டும் சேர்ந்துவந்து, கிழக்கு மேற்காகக் கிடக்கும் மலைகளில் மோதி மேலெழுந்ததால், வழக்கமாக உயரமான முகடுகளோடு நின்றுவிடும் பனி அடிவாரக் குன்றுகள் வரை விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸ், வெஞ்சுரா மாவட்ட மலைகளுக்கு 1989க்குப் பிறகு முதல்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சான் பெர்னார்டினோ மலைகளுக்குப் பொறுப்பான சான் டியேகோ வானிலை அலுவலகம் அதற்குமுன் ஒருபோதும் அத்தகைய எச்சரிக்கையை விடுத்ததே இல்லை. ஹாலிவுட் என்று எழுதிய பெயர்ப்பலகைக்கு அருகில்கூட அந்த வியாழக்கிழமை சிறுசிறு பனிமணிகள் உதிர்ந்தன. வெள்ளிக்கிழமை முதல் நிலைமை மோசமாகும் என்று தெரிந்ததும், 23ஆம் தேதி வியாழக்கிழமை காலையிலேயே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

இப்படிப்பட்ட காலநிலையில் சங்கிலியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதைப் பெரும்பாலான மதிப்புரைகள் பேசுவதில்லை. அவை பனிப்பிடிப்பை மட்டுமே அளக்கின்றன. மாதக்கணக்கில் பனி உறைந்து கிடக்கும் ஊர்களுக்கு அது சரி. எங்களைப் போன்ற மிதவெப்பப் பகுதியில், கிரெஸ்ட்லைனின் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலிருந்து 18ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகச் சமவெளிக்கு இறங்கும் ஒரே பயணத்தில் மூன்று பருவங்களைக் கடக்க வேண்டும். மேலே அழுத்தப்பட்ட வெண்பனி, நடுவில் தண்ணீரும் பனியும் குழைந்த பனிச்சகதி, கீழே வெறும் மழை. சங்கிலியை வெற்றுத் தாரின்மேல் ஓட்டினால் அது விரைவில் தேய்ந்து அறுந்துபோகும். அறுந்த முனை சுழன்று மட்கார்டையும் பிரேக் குழாயையும் அடிக்கும். ஆகவே பனி முடியும் இடத்தில் கழற்றியே ஆக வேண்டும். அடுத்த வளைவில் மலையின் நிழற்பக்கத்தில் மறுபடி பனி இருந்தால் மறுபடி மாட்ட வேண்டும். மழையில் நின்று, சேற்றில் மண்டியிட்டு, எத்தனை நிமிடத்தில் மாட்டவும் கழற்றவும் முடிகிறது என்பதே இந்தப் பகுதியில் ஒரு சங்கிலியின் தலையாய தகுதி. பனியை எவ்வளவு பற்றுகிறது என்பதை அதற்கடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

சங்கிலியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய வகைச் சங்கிலி என்பது தடித்த இரும்பு வளையங்கள் கோத்தது. கம்பிவட வகையில், டயரின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொரு எஃகுக் கம்பிவடம் வட்டமாக ஓடும். அவற்றை இணைத்து, ஏணியின் படிகளைப் போல, குறுக்கே எஃகு உருளைகள் கோத்த கம்பிகள் டயரின் முகத்தில் படியும். உள்வடத்துக்கு ஒரு கொக்கி, வெளிவடத்துக்கு ஒரு கொக்கி, எல்லாம் மாட்டிய பிறகு வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம். இதைத் தவிர வேறு உறுப்பு இல்லை. என் ஒரு ஜோடியைப் பையோடு சேர்த்து ஒரு கையால் எளிதாகத் தூக்க முடிந்தது. பக்கத்து மரவீட்டில் தங்கியிருந்தவரின் இரும்பு வளையச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தேன்; கிணற்று வாளியில் தண்ணீர் நிரம்பினாற்போல் கனத்தது.

எடையைவிட முக்கியமான வேறுபாடு தடிமன். இன்றைய சிறிய கார்களில் டயருக்கும் அதற்கு மேலுள்ள வளைவுக்கும், பிரேக் உறுப்புகளுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. அத்தகைய கார்களுக்கு எஸ் வகுப்பு என்று குறிக்கப்பட்ட சங்கிலிதான் பொருந்தும். டயரின் முகத்துக்கு மேலே 1.46 அங்குலமும் பக்கவாட்டில் 0.59 அங்குலமும் இடைவெளி இருந்தால் போதும் என்பது அதன் பொருள். இரும்பு வளையச் சங்கிலிகள் பலவற்றுக்கு இந்த இடைவெளி போதாது. காரின் கையேட்டில் எந்த டயர் அளவுக்குச் சங்கிலி அனுமதிக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கும். சில அளவுகளுக்கு அறவே கூடாது என்றும் எழுதியிருக்கும். கடைக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அளவை எண் பிசகாமல் குறித்துக்கொண்டு போக வேண்டும். ஏறத்தாழப் பொருந்தும் சங்கிலி என்று ஒன்று கிடையாது.

இனி அந்த வியாழக்கிழமை. வீட்டு வாசலிலேயே சங்கிலி தேவைப்பட்டது. பொட்டலத்துக்குள் இருந்த செய்முறைத் தாள் இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை. சாதாரணக் காகிதத்தில், மிகச் சிறிய படங்களோடு அச்சிடப்பட்டிருந்த அது, பனி கலந்த மழையில் ஐந்து நிமிடத்தில் கூழாகிவிட்டது. மழையிலும் பனியிலும் பயன்படுத்துவதற்கென்றே விற்கப்படும் பொருளுக்கு நனையாத தாளில் செய்முறை அச்சிட்டுத் தருவதில் என்ன செலவாகிவிடும்? என் கணவர் குடை பிடிக்க, நான் உள்கொக்கியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தேன். முதல் சக்கரத்துக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் கற்றவற்றை வரிசையாக எழுதுவதைவிட, எங்கே தவறினேன் என்று சொல்வதே பயன்படும்.

சங்கிலியை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதில் குழப்பம் இல்லை. எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றில். என் காருக்கு முன்சக்கரங்கள். ஆனால் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு முயன்றேன். அதை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பிவிட்டால், சக்கரத்தின் பின்னால் கை நுழைய நல்ல இடம் கிடைக்கும் என்பது இரண்டாம் சக்கரத்துக்கு வந்தபோதுதான் புரிந்தது. அடுத்த தவறு, கொக்கிகளின் கூர்முனை டயரைப் பார்க்கும்படி போட்டது. முனைகள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அவை டயரையே அறுக்கும். ஜாக்கி தேவையே இல்லை. டயரின்மேல் சங்கிலியைப் போர்த்தி, காரை அரைச் சுற்று நகர்த்தினால், கொக்கி கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். முதலில் உள்கொக்கி, பிறகு வெளிக்கொக்கி, கடைசியில் ரப்பர் வளையம். உள்கொக்கியை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. விரல்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் தடித்த கம்பளிக் கையுறை உதவாது, மெல்லிய ரப்பர் பூசிய வேலைக் கையுறை வேண்டும். இதைச் சங்கிலியோடு சேர்த்துக் கொடுக்கும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். நான் வாங்கியதில் இல்லை.

என் தந்தை திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குப் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பனியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஆனால் மாட்டிமுடித்த சங்கிலியை ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்ததும் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. “சரக்கு மேல கயித்தப் போட்டு இறுக்குற மாதிரிதாம்மா. கொஞ்சம் தொங்குனாலும் அது அறுத்துரும்,” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நூறு மீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்று கூழாகிப்போன அந்தத் தாளிலும் எழுதியிருந்தது. நிறுத்திப் பார்த்தபோது வெளிவடம் இரண்டு விரல் அளவு தளர்ந்திருந்தது. இந்தச் சங்கிலியில் இறுக்கம் தானாக நேர்வதில்லை. கூடுதல் விலையில் தானே இறுகிக்கொள்ளும் வகைகள் உண்டு. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் அதற்குச் செலவழிப்பது தகும் என்பது என் எண்ணம்.

பனியில் அதன் நடத்தை எனக்கு முழு நிறைவளித்தது. ஊருக்குள் ஓர் ஏற்றத்தில், சங்கிலி இல்லாத இரண்டு கார்கள் சக்கரம் வெறுமனே சுழல நின்றுகொண்டிருந்தன. எங்கள் கார் சீரான வேகத்தில் ஏறிப் போனது. குறுக்குக் கம்பிகள் சாலையில் படும் அதிர்வு உடலில் தெரியும், ஓசையும் சற்று மிகுதி. ஆனால் ஒவ்வொரு அதிர்வும் சக்கரம் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தது. சங்கிலியோடு மணிக்கு 25 முதல் 30 மைலுக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் இருபதைத் தாண்டவில்லை.

இறக்கத்தில்தான் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்சக்கர இயக்கக் காரில் முன்னால் மட்டும் சங்கிலி இருப்பதால், முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் வெளியே வீசும். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அப்படி ஒருமுறை கார் கோணலாகத் திரும்பியது. வேகம் குறைவாக இருந்ததால் ஒன்றும் நேரவில்லை. பின்னிருக்கையிலிருந்து அப்பா, “ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக்க மறந்துரு,” என்றார். தானியங்கி கியராக இருந்தாலும் கீழ்க்கியரில் நிறுத்தும் வசதி உண்டு. அதில் போட்டதும் எஞ்சினே காரைத் தடுத்து நிறுத்த, மீதி இறக்கம் முழுவதும் பிரேக்கை ஏறத்தாழத் தொடவே இல்லை. சங்கிலி வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சங்கிலி மாட்டிவிட்டோம் என்ற துணிவில் வேகமாக இறங்குகிறவர்களை அன்று கண்ணால் பார்த்தேன்.

பனிச்சகதிப் பகுதிக்கு வந்தபோது பிடிப்பு குறைந்தது, ஆனால் போய்விடவில்லை. இந்த வகைச் சங்கிலி இரும்பு வளைய வகையிடம் தோற்கும் இடம் கெட்டிப் பளபளப்பாக உறைந்த பனிக்கட்டி. உருளைகள் வழுவழுப்பானவை, கட்டியைக் குத்திப் பிடிக்க அவற்றுக்கு விளிம்பு இல்லை. எங்கள் பயணத்தில் அப்படிப்பட்ட கட்டி ஓரிரு நிழலான இடங்களில் மட்டுமே இருந்தது. சகதியில் வேறொரு தொல்லை: கொக்கியிலும் ரப்பர் வளையத்திலும் சகதி புகுந்து இறுகிவிடுகிறது. மழைப் பகுதியில் சாலையோரம் நிறுத்திக் கழற்றியபோது, ஒரு கொக்கியை விடுவிக்க வெந்நீர்க் குடுவையில் மீதமிருந்த வெந்நீரை ஊற்ற வேண்டியிருந்தது. மற்றபடி கழற்றுவது மாட்டுவதைவிட மிக எளிது. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து எட்டு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் தமது இரும்புச் சங்கிலியோடு எங்களுக்குச் சற்றுப் பின்னால் இறங்கிவந்து அதே இடத்தில் நிறுத்தினார். அவர் சங்கிலி எங்களுடையதைவிட நன்றாகப் பிடித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாங்கள் கைகழுவிக் கிளம்பும்போதும் அவர் முதல் சக்கரத்தில்தான் இருந்தார். கணவர் போய் உதவிவிட்டு வந்தார்.

கட்டுப்பாட்டு விதிகளையும் இந்த மதிப்பீட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பனிச்சாலையில் சங்கிலியைக் கட்டாயமாக்குவதில் கலிஃபோர்னியாவில் மூன்று படிநிலைகள் உள்ளன. முதல் நிலையில், பனிக்குரிய டயர் போட்ட சாதாரணக் கார்களுக்கு விலக்கு உண்டு, ஆனாலும் சங்கிலியைக் கூடவே வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நிலையில், நான்கு சக்கரங்களிலும் பனிக்குரிய டயர் போட்ட நான்குசக்கர இயக்க வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. அவையும் சங்கிலியைக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாம் நிலையில் யாருக்கும் விலக்கில்லை. பெரும்பாலும் அந்த நிலை வருமுன்பே சாலையை மூடிவிடுவார்கள். கம்பிவடச் சங்கிலி இம்மூன்று நிலைகளுக்கும் ஏற்கப்படுகிறது. நான்குசக்கர இயக்கம் இருக்கிறதே, நமக்கெதற்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில மலைச்சாலைகளில் உரிமம் பெற்று, அடையாளச் சட்டை அணிந்து, கூலிக்குச் சங்கிலி மாட்டித் தருகிறவர்கள் நிற்பதுண்டு. அவர்கள் சங்கிலியை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பதால், உங்கள் டிக்கியில் சங்கிலி இல்லையென்றால் அவர்களாலும் உதவ முடியாது.

நாங்கள் இறங்கிய பிறகு நடந்ததை எண்ணும்போது இந்தப் பொருளின் எல்லையும் தெளிவாகத் தெரிகிறது. அடுத்தடுத்து வந்த புயல்களில் அந்த மலையூர்களில் சில இடங்களில் 100 அங்குலத்துக்கு மேல், அதாவது இரண்டரை மீட்டர் உயரத்துக்குப் பனி கொட்டியது. சாலைகள் மூடப்பட்டு, மக்கள் நாள்கணக்கில் வீடுகளுக்குள் அடைபட்டார்கள். மார்ச் 1 அன்று சான் பெர்னார்டினோ உட்பட 13 மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கிரெஸ்ட்லைனில் நாங்கள் பாலும் ரொட்டியும் வாங்கிய மளிகைக் கடையின் கூரை பனியின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று ஊரில் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மூடுபனியின் குளிரைப் பற்றிய சொல். அந்த மாசியில் அதை நினைத்து எனக்கு உடம்பு நடுங்கியது. அவ்வளவு பனியில் எந்தச் சங்கிலியும் ஒரு சிறிய காரை நகர்த்தாது. காரின் அடிவயிறு பனியில் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் பிடித்தும் பயனில்லை. சங்கிலி என்பது, சாலை திறந்திருக்கும்போது, நேரத்தோடு இறங்கிவருவதற்கான கருவி. ஒரு நாள் தாமதித்திருந்தால் எங்களுக்கும் அது உதவியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை நன்னீரில் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். ஆயினும் ஒரு கொக்கியின் மடிப்பில் துரு தொடங்கியிருந்தது. சிறிது எண்ணெய் தடவியதில் நின்றது. ஒரே பயணத்தில் குறுக்குக் கம்பிகளின் உருளைகளில் தேய்மானத்தின் தடம் தெரிந்தது. கழற்றத் தாமதித்து, மழை நனைத்த வெறும் சாலையில் ஒரு மைலுக்கும் குறைவாக ஓட்டியதன் விளைவு அது. பிறகு உலர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டு முன்வாசலில், நானும் கணவரும் தனித்தனியாக மாட்டிக் கழற்றிப் பழகினோம். நான்காம் முறையில் இரண்டு சக்கரத்துக்கும் பன்னிரண்டு நிமிடத்தில் மாட்டினேன். மழையில் ஐம்பது நிமிடம் தவித்ததற்குக் காரணம் சங்கிலி அன்று, என் கைகளுக்கு அது பழகாததுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தத் தாளுக்கும், சேர்த்துத் தராத கையுறைக்கும்.

ஆண்டு முழுவதும் பனியில் வாழ்கிறவர்களுக்கோ, கட்டியாய் உறைந்த உயர்மலைக் கணவாய்களை வாரந்தோறும் கடப்பவர்களுக்கோ இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு ஓரிரு முறை மலையேறுகிறவர்களுக்கு, அதுவும் மழையோடு கலந்து வரும் பனியைச் சந்திக்க நேர்கிறவர்களுக்கு, இந்த விலையில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. அண்மையில் கார் மாற்றினோம். புதிய காரின் டயர் அளவு வேறு என்பதால் பழைய சங்கிலி பொருந்தாமல் போனது. அதே அளவு டயர் வைத்திருக்கும் அந்தத் தோழிக்கே அதைக் கொடுத்துவிட்டு, அதே வகையில் புதிய ஜோடி ஒன்றை வாங்கிவந்தேன். கடைக்காரர் இம்முறையும் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கச் சொன்னார். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே பிரித்து, இரு சக்கரங்களிலும் மாட்டிப் பார்த்துவிட்டு, செய்முறைத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பையில் வைத்தேன்.